விபத்தைப் பார்த்த அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 67 வயதாகும் உங்கள் அப்பா, கிருமாம்பாக்கத்துக்கும் கன்னியக்கோவிலுக்கும் இடையே சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, மோட்டார் சைக்கிளில் போன ஒருவரை ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றே போலீசார் கேட்டதற்கு, ‘வெள்ளை வேன், கடலூர் பக்கம் போனது’ என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பத்து நாளாக வீட்டில் ஆளுக்கு ஆள் கேட்டுப் பார்க்கிறீர்கள். அவரோ சாப்பாடு, தூக்கம் இல்லாமல் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். ஹிப்னாடிசம் செய்தால் வண்டி நம்பர் வருமா, இல்லை, நினைவைக் கிளற வேறு வழி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒருவர் பார்த்ததெல்லாம் மனதுக்குள் அப்படியே இருக்கிறதா, சரியானபடி கேட்டால் முழுதாக வெளியே வந்துவிடுமா? முழுதாக வராது. ஆனால் இதுவரை வந்திருப்பதைவிடக் கூடுதலாக வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பைக் கெடுக்கக்கூடிய காரியம் உங்கள் வீட்டிலேயே தினமும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் தமிழ்நாடு காவல்துறையில், பெரும்பாலும் கடலூர் மாவட்டத்து நிலையங்களில் வேலை பார்த்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பணியின் கடைசிக் காலத்திலும் அதற்குப் பிறகும், புதிதாக வரும் உதவி ஆய்வாளர்களுக்குச் சாட்சிகளை விசாரிக்கும் முறை பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் இடம், இரு மாநில எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டி, புதுச்சேரி காவல்துறையின் எல்லைக்குள் வருகிறது. துறை வேறாக இருந்தாலும் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நான் மனநல மருத்துவன் அல்லன். அப்பாவின் தூக்கமின்மை பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அதை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு சாட்சியிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு.

முதல் வேலையாக, இன்றைக்கே கேட்பதை நிறுத்துங்கள். ‘வேனில் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்ததா அப்பா? சாமி படம் இருந்ததா? டிரைவர் மீசை வைத்திருந்தாரா?’ என்று நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, அப்பாவின் மனதில் இல்லாத ஒரு மீசையும் ஒரு சாமி படமும் உங்கள் வாயிலிருந்து அங்கே போய்ச் சேருகின்றன. நான்காம் நாள் அவரே ‘ஏதோ படம் இருந்த மாதிரிதான் இருக்கிறது’ என்பார். அது பொய் அல்ல, அவர் உண்மையாகவே அப்படி உணர்வார். அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் ‘கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் இருக்கும்?’ என்றும், இன்னொரு பிரிவினரிடம் ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பிரிவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது பிரிவில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் ஒரே ஒரு சொல் மாறியதற்கே இப்படி. ஒரு வீட்டில் நான்கு பேர் பத்து நாள் கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, அந்த விபத்தைப் பார்த்த மற்றவர்களோடு அப்பாவைப் பேச விடாதீர்கள். டீக்கடையில் நாலு பேர் சொல்வதும், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏதோ ஒரு வேனின் படமும் அவருடைய நினைவோடு கலந்துவிடும். ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களில் பார்த்துவிட்டு, ஒரே படத்தைப் பார்த்ததாக நம்பிய இருவரைத் தங்களுக்குள் பேச விட்டுப் பிறகு தனித்தனியே கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்கவே இயலாத ஒன்றையாவது, மற்றவர் சொன்னதைக் கேட்டு, தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். சம்பவ இடத்தில் நிற்கும் கூட்டத்தை உடனே பிரித்துத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இப்போது, அன்று காவல் நிலையத்தில் அப்பாவுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பதைச் சொல்கிறேன். இது எந்த ஒரு நிலையத்தையும் குறை சொல்வதற்காக அல்ல. நம் நிலையங்களில் வாக்குமூலம் எழுதும் பழக்கமே அப்படி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், தொழில் என்று தொடங்குவார். ஐந்து கேள்விக்கு ஐந்து சொல்லில் பதில் சொல்லி முடித்ததும், சாட்சிக்கு ஒரு பாடம் பதிந்துவிடும்: இங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அடுத்து ‘என்ன வண்டி? என்ன கலர்? நம்பர் பார்த்தீர்களா? எத்தனை பேர்?’ என்று வரும். ‘பார்க்கவில்லை’, ‘தெரியவில்லை’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டால், மூன்றாவது கேள்விக்கு மனதைத் தேடிப் பார்க்காமலே ‘தெரியவில்லை’ வந்துவிடும். நடுவில் ஒயர்லெஸ் கத்தும், யாராவது கையெழுத்துக்கு வந்து நிற்பார்கள். சாட்சி தன் போக்கில் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், ‘அதை விடுங்க, கேட்டதற்குச் சொல்லுங்க’ என்று வெட்டுவோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் துப்பறிவாளர்கள் சாட்சிகளை விசாரித்த ஒலிப்பதிவுகளை ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மேன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களில் உட்கார்ந்து கேட்டார்கள். ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்ட துப்பறிவாளர், சாட்சி வாயைத் திறந்து சராசரியாக ஏழரை விநாடிக்குள் குறுக்கிட்டிருந்தார். அந்த இருவரும் 1984 முதல் உருவாக்கிய விசாரணை முறையைத்தான் இன்று பல நாட்டுக் காவல்துறைகள் பாடமாக வைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990களின் தொடக்கத்தில் காவலர் பயிற்சியிலேயே அதைச் சேர்த்தார்கள். ‘காக்னிட்டிவ் இன்டர்வியூ’ என்பது அதன் பெயர்; நினைவறிவு நேர்காணல் என்று தமிழில் சொல்லலாம். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது எளிய விஷயம்: சாட்சியை அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் மனதால் திரும்பப் போக வைப்பது, அவர் போக்கில் பேச விடுவது, அற்பம் என்று படுவதையும் விடாமல் சொல்லச் சொல்வது, ஒரே சம்பவத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் நினைத்துப் பார்க்கச் செய்வது.

நீங்கள் கேட்ட ஹிப்னாடிசத்தைப் பற்றியும் அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை பயிற்சிக்கு வைத்திருந்த குற்றக் காட்சிப் படங்களை மாணவர்களுக்குக் காட்டி, இரண்டு நாள் கழித்து அனுபவமுள்ள விசாரணை அதிகாரிகளைக் கொண்டே கேட்க வைத்தார்கள். வழக்கமான முறையில் கேட்டபோது சராசரியாக 29 சரியான விவரங்கள், ஹிப்னாடிசத்தில் 38, இந்தப் புதிய முறையில் 41. தவறான விவரங்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இது 1985இல் வெளிவந்தது. ஹிப்னாடிசம் தருவதை விழிப்பாக இருக்கும் ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டே பெற முடியும் என்றால், எதற்கு அந்த வம்பு? ஹிப்னாடிசத்தில் இருக்கும் பெரிய ஆபத்து, வந்த நினைவு சரியோ தவறோ, ஆளுக்கு அதன் மேல் அசைக்க முடியாத உறுதி வந்துவிடுவதுதான். பிறகு குறுக்கு விசாரணையில் எது அசல், எது மயக்கத்தில் சேர்ந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சாதாரணமாக விசாரிக்கும் முறையை மாற்றினாலே எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு மயாமியில் நடந்த கள ஆய்வு இருக்கிறது. உண்மையான கொள்ளை, வழிப்பறி வழக்குகளை விசாரித்த 16 துப்பறிவாளர்களில் 7 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அந்த 7 பேர் குழு சாட்சிகளிடமிருந்து முன்பைவிட மொத்தத்தில் 47 சதவீதம் கூடுதலாக விவரம் பெற்றது. 1989இல் வெளியான ஆய்வு அது.

புத்தகத்தில் படித்ததை விட்டுவிட்டு, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் கோயில் பக்கம் ஒரு சங்கிலிப் பறிப்பு. பத்தடி தூரத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று கேட்டதற்கு ‘ரெண்டு பேர் வண்டியில் வந்தார்கள், அவ்வளவுதான் ஐயா’ என்றார். இரண்டு நாள் கழித்து, வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில் சாதாரண உடையில் போய், அவர் எதிரே நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ‘சத்தம் வருவதற்கு முன்னால் கையில் என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது?’ என்று மட்டும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். கதம்பம் கட்டிக்கொண்டிருந்ததையும், மரிக்கொழுந்து தீர்ந்துபோய் மருமகளைத் திட்டியதையும், நார் காய்ந்து வெடித்ததால் டம்ளர் தண்ணீரில் கையை நனைத்ததையும் சொல்லிக்கொண்டே போனார். வழக்குக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. டம்ளரில் கையை வைத்தபோது ‘கரகர’ என்று இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டதாகச் சொல்லி நிறுத்தினார். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, ‘ஸ்டாண்டு ஐயா. சைடு ஸ்டாண்டு சரியாக மடங்காமல் தொங்கிக்கொண்டே வந்தது. வளைவில் உரசியது’ என்றார். அதைத் தொடர்ந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவனின் செருப்பு ஒன்று கழன்று கிடந்ததும், அதைக் குனிந்து எடுக்க அவன் முயன்றதும் வந்தன. நம்பர் வரவில்லை, கடைசி வரை வரவே இல்லை. சட்டை நிறம் என்று அவர் சொன்னது பிறகு தவறு என்று தெரிந்தது. ஆனால் ஸ்பிரிங் போன ஸ்டாண்டோடு ஒரு வண்டி, சுற்று வட்டார மெக்கானிக் கடைகளில் விசாரிக்கப் போதுமான தடயம்.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் தெரியாதது மூன்றாம் நாள் தெரிந்துவிடவில்லை. முதல் நாள் அதைக் கேட்கும் கேள்வி எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். ‘ஸ்டாண்டு எப்படி இருந்தது?’ என்று யார் கேட்கப் போகிறார்கள்? சம்பவ இடத்தில் இல்லாதவர் போடும் கேள்விப் பட்டியலில், அங்கே நடந்த விசேஷமான ஒன்று இடம்பெறவே முடியாது. அதனால்தான் சாட்சியை அவர் போக்கில் பேச விட வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் இதைச் செய்ய வேண்டியவர் விசாரணை அதிகாரிதான், நீங்கள் அல்ல. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ள முடியும். வீட்டில் சூழ்நிலையையும் அதற்கேற்றபடி அமைத்துக் கொடுக்கலாம். 60 வயதைத் தாண்டிய ஆண்களைச் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரும்படி வற்புறுத்தக்கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வீட்டிலேயே விசாரிக்கும்படி கேளுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரும் அதிகாரியும் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அதிகாரி நல்லவராக, நேரம் உள்ளவராக அமைந்தால் பேச்சு இப்படித் தொடங்க வேண்டும்: ‘ஐயா, நான் அங்கே இல்லை, நீங்கள்தான் பார்த்தீர்கள். அதனால் இன்றைக்கு நான் பேசப் போவதில்லை, நீங்கள்தான் பேசப் போகிறீர்கள். சின்ன விஷயம், தேவையில்லாத விஷயம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஊகம் மட்டும் வேண்டாம்.’ இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் மிக முக்கியம். நம் ஊரில் வயதானவர்கள், தேடி வந்து கேட்கும் அதிகாரியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எதையாவது சொல்லிவிடுவார்கள். மரியாதைக்காகச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு நிரபராதியின் வண்டியில் போய் நிற்கும்.

அடுத்து அவரை அந்த நேரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். வெயில் எந்தப் பக்கம் அடித்தது, எந்தப் பஸ்ஸுக்காக நின்றார், கையில் பை இருந்ததா, பசியோடு இருந்தாரா, யாரையாவது நினைத்துக்கொண்டிருந்தாரா, காதில் என்ன விழுந்தது. இவற்றுக்கெல்லாம் அவர் வாயால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை; மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் மனதில் படம் வந்து நிற்பதற்கு நேரம் கொடுத்தால் போதும். கண்ணை மூடிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கவனம் மிச்சமாகிறது. மூட விருப்பமில்லாதவர் தரையைப் பார்க்கலாம். பிறகு, ‘தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு அதிகாரி சும்மா இருக்க வேண்டும். பயிற்சியில் இளைஞர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான். சாட்சி நிறுத்தினால் அவர் முடித்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். அவர் முடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு கேள்வி போட்டால் தேடல் அறுந்துவிடும். முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் கேள்விகள். அவையும் அவர் சொன்ன வார்த்தையிலிருந்தே தொடங்க வேண்டும். ‘வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது என்றீர்கள், அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்பது நல்ல கேள்வி. ‘வேனில் பாரம் ஏற்றியிருந்ததா?’ என்பது எடுத்துக் கொடுக்கும் கேள்வி.

நம்பரைப் பற்றி. உண்மையைச் சொன்னால், ஓடும் வண்டியின் நம்பர் முழுதாக நினைவுக்கு வந்தது என் அனுபவத்தில் மிக அபூர்வம். சில விநாடிகளில், ஒருவர் கீழே விழுவதைப் பார்க்கும் அதிர்ச்சியில், கண் விழுந்தவர் மேல்தான் போயிருக்கும். நம்பர் பலகையைப் பார்க்கவே இல்லை என்றால் எந்த முறையாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் பலகையைப் பற்றி நம்பர் மட்டுமே விவரம் அல்ல. பலகை மஞ்சளா வெள்ளையா என்பது வாடகை வண்டியா சொந்த வண்டியா என்று சொல்லிவிடும். எழுத்து ஒரே வரியில் இருந்ததா, இரண்டு வரியா? தமிழ்நாட்டு வண்டியா, புதுச்சேரி வண்டியா? அந்தச் சாலையில் நின்று பஸ் பார்த்துப் பழகியவருக்கு கடலூர் வண்டிகளின் டி.என். 31, புதுச்சேரி வண்டிகளின் பி.ஒய். 01 இரண்டும் கண்ணுக்கு மிகவும் பழகியவை. வேறு ஏதோ ஊர் வண்டி என்றால் அந்த வித்தியாசம் மட்டும் மனதில் தங்கியிருக்கலாம். ஃபிஷரும் கைசல்மேனும் இதற்கென்றே சில உத்திகளைச் சொல்கிறார்கள்: எண்கள் பெரியவையா சிறியவையா, ஒரே எண் திரும்ப வந்ததா என்று கேட்பது; பெயர் காதில் விழுந்திருந்தால் அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்ப்பது; ஆளின் முகம் தெரிந்தவர் யாரையாவது நினைவூட்டியதா, எதனால் என்று கேட்பது. இவற்றையும் தாராளப் பேச்சு முடிந்த பிறகே, ‘ஞாபகம் இருந்தால் மட்டும்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்ல வேண்டும். மனதால் அந்தச் சூழலுக்குத் திரும்புவதும், எதையும் விடாமல் சொல்லச் சொல்வதும், குறுக்கிடாமல் இருப்பதும் பலன் தருகின்றன என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகள் அதன் பக்கம் நிற்கின்றன, வயதானவர்களுக்கும் பலன் உண்டு. சம்பவத்தைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது, எதிர்ப்பக்கம் நின்றவர் கண்ணால் பார்ப்பதுபோல் நினைக்கச் சொல்வது ஆகிய இரண்டும் மூல முறையில் இருந்தவைதான். பின்னோக்கிச் சொல்வதில் சில நேரம் புதிதாக ஒன்றிரண்டு விவரம் கிடைக்கும். வயதானவர்கள் அதில் குழம்பியும் போவார்கள். இன்னொருவர் கண்ணால் பார்ப்பது ஊகத்துக்கு வாசல் திறந்துவிடும் என்று நான் அதைச் சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். சிறுவர்களிடம் அதைச் செய்யவே கூடாது. சம்பவ இடத்துக்கே அழைத்துப் போவதா என்றால், அதிலும் இரண்டு பக்கம் உண்டு. நீருக்கடியில் படித்த சொற்கள் நீருக்கடியிலேயே கூடுதலாக நினைவுக்கு வந்தன என்று முக்குளிப்போரை வைத்து 1975இல் செய்த சோதனை புகழ் பெற்றது. பிற்காலத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் பூக்கார அம்மாவுக்கு அது தினமும் உட்காரும் இடம். உங்கள் அப்பாவுக்கு அந்த இடம் இப்போது பயம் தரும் இடமாக இருக்கலாம். மனதால் போனாலே பெரும்பாலும் போதும்.

இந்த முறையில் சரியான விவரம் நிறையக் கூடும்போது, தவறான விவரமும் சிறிது கூடுகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். விகிதம் கெடுவதில்லை, ஆனால் தவறே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே புதிதாக வந்த ஒவ்வொரு விவரத்தையும் கண்காணிப்புக் கேமரா, மெக்கானிக் கடை, உடைந்து விழுந்த விளக்குத் துண்டு என்று வேறொரு சான்றோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும். சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. பத்து நாள் கேள்விக்குப் பிறகு வரும் உறுதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மறதி முதல் சில நாட்களில்தான் மிக வேகமாக நடக்கிறது. அன்றிரவே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அளவு இப்போது கிடைக்காது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இனி முடியும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அதிகாரி வருவதற்கு நாளாகும் என்று தெரிந்தால், அப்பாவைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து, மேலே சொன்னபடி அந்த நேரத்தை மனதில் கொண்டுவந்து, தான் பார்த்ததையும் கேட்டதையும் ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதக் கை நடுங்கினால் செல்போனில் பேசிப் பதிவு செய்யட்டும். வேன் போன திசை, நின்ற இடம் ஆகியவற்றுக்கு ஒரு கோட்டுப் படம் வரையட்டும். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். எழுதியதைப் படித்துவிட்டு ‘இது எப்படி?’ என்று கேட்காதீர்கள். தேதி போட்டு மடித்து, விசாரணை அதிகாரியிடமே கொடுங்கள். சாட்சியே தானாக எழுதும் இப்படியொரு படிவத்தை 2009இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஃபிஷரோடு சேர்ந்து உருவாக்கினார்கள். நிறையச் சாட்சிகள் இருந்து அதிகாரிகள் போதாதபோது உடனுக்குடன் கொடுப்பதற்காக. பத்து நாள் கழித்துக் கொடுப்பது தாமதம்தான். ஆனாலும் இன்னொரு வாரக் கேள்விகளுக்குப் பிறகு கொடுப்பதைவிட மேல்.

புதிதாக ஏதாவது வந்தால், ‘முன்பு சொன்னதற்கு மாறாக இருக்கிறதே, வழக்கு கெட்டுவிடுமோ’ என்று மறைக்காதீர்கள். கூடுதல் வாக்குமூலம் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதல் வாக்குமூலத்தில் இல்லாத முக்கியமான ஒன்றை நீதிமன்றக் கூண்டில் ஏறி முதல் முறையாகச் சொன்னால்தான் சிக்கல். கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நான் எத்தனையோ முறை கேட்ட வசனம் அது: ‘இதைப் போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை என்றால் சரிதானே?’ சொல்லாமல் விட்டதையே முரண்பாடாகக் கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே எப்போது, எப்படி நினைவுக்கு வந்தது என்பதையும் சேர்த்தே கூடுதல் வாக்குமூலத்தில் பதியச் சொல்லுங்கள். மேலே சொன்ன சட்டத்தின் 180ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவாகவும் எடுக்கலாம். அப்படிச் செய்யும்படி கேளுங்கள். என்ன கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பது அதில் தெரியும், எடுத்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை. எழுதிய வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றத்தில் இது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதில் எனக்குத் தெரிந்தது ஒரு போலீஸ்காரனுக்குத் தெரிந்த அளவுதான். அரசு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்பாவிடம் நீங்கள் இன்று சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வண்டி நம்பரைப் பார்க்காதது அவர் செய்த குற்றம் அல்ல. விழுந்த மனிதரைத்தான் அவர் கண் பார்த்தது, அப்படித்தான் பார்க்கும். வெள்ளை வேன், கடலூர் திசை, நேரம் ஆகிய மூன்றையும் வைத்தே வழியில் இருக்கும் கேமராக்களைத் தேட முடியும். அதைச் செய்ய வேண்டிய கடமை காவல்துறையுடையது. வண்டி அகப்படாமலே போனாலும் அடிபட்டவர் குடும்பத்துக்கு அரசின் இழப்பீடு உண்டு என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை. அடையாளம் தெரியாத வாகனம் இடித்துப் பலத்த காயம் ஏற்பட்டால் 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம் ரூபாய் என்று 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டம் சொல்கிறது. வட்டாட்சியர் அல்லது வருவாய்க் கோட்ட அதிகாரி நிலையில் இருக்கும் உரிமைகோரல் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஆஸ்பத்திரிச் சான்றுகளையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.